வேகமாகப் படிப்பதும் தேர்வுக்குப் படிப்பதும்

வேலை பார்த்துக்கொண்டே பட்டத் தேர்வு எழுதுபவர்களுக்கு எங்கள் காரைக்குடி வட்டாரத்தில் பஞ்சமில்லை. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் 1929இல் நிறுவிய பல்கலைக்கழகம், 1979இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1985இல் காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது. பின்னர் அதிலும் தொலைநிலைக் கல்வி வந்தது. கடையில் கணக்கு எழுதுபவர், பள்ளி அலுவலகத்தில் இருப்பவர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் புத்தகத்தை எடுப்பவர் என்று இப்படிப் பட்டம் வாங்கியவர் ஒருவராவது தெருவுக்குத் தெரு இருக்கிறார். நானும் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டே வரலாற்றில் முதுகலை படிக்கிறேன்.

இவ்வாறு தனியே படிப்பவருக்கு நேரம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய குறை, எதை ஊன்றிப் படிக்க வேண்டும், எதை மேலோட்டமாகப் பார்த்தால் போதும் என்று சொல்ல எதிரே ஓர் ஆசிரியர் இல்லாததே. இந்தக் குறையை விட்டுவிட்டு நேரக்குறைவை மட்டும் பிடித்துக்கொண்டு, ‘ஒரு மணி நேரத்தில் ஒரு நூல்’ என்று விற்கப்படும் வேக வாசிப்புப் பயிற்சிகள் நம்மிடம் வந்து சேர்கின்றன. அவற்றில் சொல்லப்படும் முறைகளைத் தேர்வுப் பாடங்களில் பயன்படுத்திப் பார்த்த பிறகு எனக்கு ஏற்பட்டுள்ள கருத்து இதுதான்: வேக வாசிப்பு, எந்த இடத்தில் மெதுவாகப் படிக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கப் பயன்படுகிறது, அந்த மெதுவான படிப்புக்கு மாற்றாக அது ஒருபோதும் அமைவதில்லை.

இம்முறைகள் புதியவை அல்ல. அமெரிக்காவில் ஈவ்லின் வுட் என்ற ஆசிரியை 1959இல் இதற்கென ஒரு பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். கையை அல்லது விரலைப் பக்கத்தின் மேல் நகர்த்தி அதன் பின்னே கண்ணை ஓடவிடுவது, சொல்லைச் சொல்லாகப் பார்க்காமல் தொகுதியாகப் பார்ப்பது, மனத்துக்குள் ஒலிக்கும் குரலை அடக்குவது, படித்த வரிக்குத் திரும்பிப் போகாமல் இருப்பது ஆகியவையே அவர் கற்பித்தவற்றின் சாரம். கென்னடியின் காலத்தில் வெள்ளை மாளிகைப் பணியாளர்கள் இப்பயிற்சியைப் பெற்றனர். பின்னர் குடியரசுத் தலைவர் கார்ட்டரும் பெற்றார். இன்று கைப்பேசிச் செயலிகளில் கிடைப்பவை பெரும்பாலும் இந்த நான்கின் மறுபதிப்புகளே.

இந்நான்கையும் எடைபோடுவதற்குக் கண் எவ்வாறு படிக்கிறது என்பதை அறிந்துகொள்வது உதவும். வரியின் மேல் கண் ஒழுகிச் செல்வதில்லை. தாவித் தாவி நின்று செல்கிறது. பிரெஞ்சுக் கண் மருத்துவரான எமில் ஜவால் இதைப் பற்றி எழுதியது 1879இல். ஒவ்வொரு நிற்றலும் ஏறத்தாழ கால் நொடி நீடிக்கிறது. அந்த நிற்றலில்தான் எழுத்து மூளைக்குப் போய்ச் சேர்கிறது. தாவலின்போது கண் எதையும் படிப்பதில்லை. விழித்திரையின் நடுவில் மிகச் சிறிய பகுதி மட்டுமே எழுத்தைக் கூர்மையாகக் காண வல்லது. அதற்கு வெளியே சொல்லின் நீளமும் உருவமும் மங்கலாகத் தெரியுமே தவிர, எழுத்து தெளிவதில்லை. ஆகவே முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் அள்ளிக்கொள்ளலாம் என்று கூறுபவர், கண்ணின் அமைப்பிலேயே இல்லாத ஒன்றைக் கேட்கிறார்.

திரும்பிப் போகும் பழக்கத்தைச் சோம்பலின் அடையாளமாகச் சித்திரிப்பதும் சரியன்று. நன்றாகப் படிப்பவர்களின் கண்ணும் பத்துத் தாவல்களுக்கு ஒருமுறையேனும் பின்னோக்கிச் செல்கிறது. புரியாத இடத்தைச் சரிசெய்துகொள்ளவே பெரும்பாலும் அவ்வாறு செல்கிறது. கண்ணசைவு ஆய்வில் வாழ்நாளைச் செலவிட்ட கீத் ரேனரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2014இல் நடத்திய ஒரு சோதனையில், வாசகர்கள் கடந்து சென்ற சொற்களை மறைத்து அவர்கள் திரும்பிப் பார்க்க முடியாதபடி செய்தபோது பொருள் புரிதல் குறைந்தது. சொற்களை ஒவ்வொன்றாகத் திரையில் மின்னவிடும் செயலிகளின் அடிப்படைக் குறை இதுதான். அவற்றில் தேர்வுப் பாடத்தைப் படிப்பது வீண் வேலை என்றே நான் கருதுகிறேன்.

தமிழில் படிப்பவருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்துக்காக வகுக்கப்பட்ட பயிற்சிகள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. மறுப்பும் கடைசியில்தான் வருகிறது. ‘வேலு நாச்சியார் ஹைதர் அலியின் உதவியோடு சிவகங்கையை மீட்ட நிகழ்ச்சியை, இழந்த உரிமையைப் பெறுவதற்கான அரசகுடும்பப் போராட்டமாக மட்டும் காண்பதே பொருத்தம் என்று கூறிவிட முடியாது’ என்று ஒரு வரியை வைத்துக்கொள்வோம். வரியின் முற்பகுதியில் கண்ணை ஊன்றி, எஞ்சியதை ஊகித்துக்கொண்டு அடுத்த வரிக்குத் தாவுபவர், நூலாசிரியர் மறுக்கும் கருத்தையே அவருடைய கருத்தாக விடைத்தாளில் எழுதிவிட்டு வருவார். வேற்றுமை உருபுகளும் சொல்லின் வாலிலேயே தொங்குகின்றன. யார் யாரை வென்றார் என்பதைச் சில நேரங்களில் ஓர் ‘ஐ’ மட்டுமே சொல்கிறது. ஆகவே வேகமாகப் பார்த்தே ஆக வேண்டிய கட்டாயம் ஏற்படும்போது, வரியின் தொடக்கத்தைவிட முடிவில் கண்ணை நிறுத்துவதைப் பழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். எந்தப் பயிற்சி நூலிலும் நான் காணாத இந்தச் சிறு மாற்றம், மற்ற எல்லா உத்திகளையும்விட எனக்குப் பயன்படுகிறது.

மனத்துக்குள் ஒலிக்கும் குரலைப் பொறுத்தவரை அதிகம் சொல்வதற்கில்லை. எளிய பகுதிகளில் அது தானாகவே மங்கிவிடுகிறது. கடினமான பகுதிகளில் அதை அடக்க முயன்றால் பொருளும் சேர்ந்து அடங்கிவிடுகிறது. பென்சில் முனையை வரிக்கு அடியில் நகர்த்திச் செல்லும் வழக்கத்தை மட்டும் நான் விடவில்லை. அது வேகத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. ஆனால் நாள் முழுவதும் கம்பி எடையும் சரக்குந்து வாடகையும் எழுதிவிட்டு இரவில் புத்தகத்தை எடுப்பவனுக்கு, கவனம் வேறெங்கும் போய்விடாமல் அது பிடித்து வைக்கிறது.

உண்மையான வேகம் எங்கிருந்து வருகிறது என்பதை எனக்கு உணர்த்தியவை பாடத்தின் இரண்டு அலகுகள். தென்னிந்தியக் கிளர்ச்சிகளைப் பற்றிய அலகை ஒரே அமர்வில் முடித்தேன். காளையார்கோவிலில் 1772இல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டதும், 1780இல் வேலு நாச்சியார் சீமையை மீட்டதும், 1801 ஜூன் 16இல் திருச்சியில் சின்ன மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டதும், அதே ஆண்டு அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதும் இந்தச் சிவகங்கை மாவட்டத்தில் பிறந்தவனுக்குப் பாடம் அல்ல, ஊர்ப்பேச்சு. பெயர்களும் இடங்களும் முன்பே மனத்தில் இருந்ததால், புதிதாகச் சொல்லப்பட்டவற்றில் மட்டும் கண் தானாக நின்றது. அதே அளவுள்ள ஐரோப்பிய வரலாற்று அலகோ முன்னேற மறுத்தது. முப்பதாண்டுப் போர், 1648ஆம் ஆண்டின் வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கை, 1713இன் உட்ரெக்ட் உடன்படிக்கை என்று ஒவ்வொரு வரியிலும் அறியாத அரசரும் அறியாத ஊரும் குறுக்கிட்டன. கண்ணும் உத்தியும் ஒன்றேதான். மாறியது முன்னறிவு மட்டுமே.

எங்கள் தெருவில், முன்பு பெரிய வணிக நிலையம் ஒன்றில் மேலாளாக இருந்த ஒரு பெரியவர் இருக்கிறார். பேரேட்டில் நாற்பது பற்று வரவுகள் உள்ள ஒரு பக்கத்தை அவர் விரலால் தடவிக்கொண்டே போய், தவறான ஒரே தொகையில் விரலை நிறுத்திவிடுவார். “ஐயா, இவ்வளவு வேகமாக எப்படிப் பார்க்கிறீர்கள்?” என்று கேட்டேன். “வேகமா எங்கே தம்பி பார்க்கிறேன்? என்ன இருக்கணும்னு தெரியும், இல்லாததுதான் கண்ணை உறுத்துது” என்றார். வட்டிக் கணக்கான வட்டிச்சிட்டையிலும், சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையிலும் ஆண்டுக்கணக்கில் ஊறிய கண் அது. அந்த விரலை மட்டும் கடன்வாங்கி வந்து, ஐந்தொகை தெரியாதவனுக்குக் கற்பிப்பதாகத்தான் இன்றைய வேக வாசிப்பு விளம்பரங்கள் எனக்குத் தோன்றுகின்றன.

ஆய்வுகளும் இதற்கு இசைவாகவே உள்ளன. வேக வாசிப்புப் பயிற்சி பெற்றவர்களையும், பயிற்சி இல்லாமல் மேலோட்டமாகப் பார்க்குமாறு சொல்லப்பட்டவர்களையும், இயல்பான வேகத்தில் படித்தவர்களையும் மார்செல் ஜஸ்ட், பாட்ரீசியா கார்ப்பென்டர் ஆகியோர் ஒப்பிட்டனர். எளிய கட்டுரைகளின் பொதுக்கருத்தைச் சொல்வதில் மட்டும் பயிற்சி பெற்றவர்கள் மேலோட்டமாகப் பார்த்தவர்களைவிடச் சற்று முன்னே இருந்தனர். நுணுக்கமான செய்திகளிலும் கடினமான கட்டுரைகளிலும் அந்த முன்னிலை இல்லை. இயல்பாகப் படித்தவர்களே எல்லாரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தனர். ரேனர் குழுவினர் 2016இல் இத்துறை ஆய்வுகள் முழுவதையும் தொகுத்துப் பார்த்து, வேகத்தைப் பெருமளவு கூட்டினால் புரிதல் குறைந்தே தீரும் என்ற முடிவுக்கு வந்தனர். சொல்வளமும் பொருளறிவும் பெருகினால் வேகமும் தானே பெருகும் என்பது அவர்கள் காட்டும் வழி. ஆங்கிலத்தில் புனைவல்லாத நூல்களை மௌனமாக வாசிப்பதன் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள் என்று 2019இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு கூறுகிறது. அதைக் கொண்டு தமிழ் வாசிப்பை அளக்கப் புகுவது தேவையற்ற கவலையைத்தான் தரும். ஆங்கிலத்தில் மூன்று சொற்களில் சொல்வதை நாம் பல நேரங்களில் ஒரே சொல்லில் கட்டிவிடுகிறோம்.

அப்படியானால் வேகமாகப் பார்ப்பதற்குத் தேர்வுப் படிப்பில் இடமே இல்லையா என்றால், உண்டு. ஓர் அலகைக் கையில் எடுத்ததும் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். முதலில் தலைப்புகள், பத்திகளின் முதல் வரியும் கடைசி வரியும், நிலப்படங்கள், அலகின் இறுதியில் உள்ள வினாக்கள் ஆகியவற்றை மட்டும் விரைந்து பார்க்கிறேன். அப்போது குறிப்பு எதுவும் எடுப்பதில்லை. அறிந்த பகுதிக்கு எதிரே ஒரு கோடு, அறியாத பகுதிக்கு எதிரே ஒரு சுழி, அவ்வளவே. இது என் கண்டுபிடிப்பு அன்று. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் ராபின்சன், முதலில் நோட்டமிட்டு, பிறகு வினாக்களை எழுப்பி, அதன்பின் படித்து, நூலை மூடிச் சொல்லிப் பார்த்து, இறுதியில் திருப்பிப் பார்க்கும் முறையை 1946இலேயே வகுத்துத் தந்துவிட்டார். பத்து மதிப்பெண் வினா எந்தப் பகுதியிலிருந்து எழக்கூடும் என்று தெரிந்துகொண்டு படிப்பவர், வகுப்பில் ஆசிரியர் செய்திருக்க வேண்டிய வேலையில் பாதியைத் தாமே செய்துகொள்கிறார்.

சுழி போட்ட பகுதிகளில் வேகம் என்ற பேச்சே கிடையாது. வெஸ்ட்ஃபாலியாவுக்கு நிலப்படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மனக்குரலை அடக்குவதற்கு மாறாக வாய்விட்டே படித்தேன். நான் வாடகைக்கு இருக்கும் பழைய வீட்டில் இரண்டாம் கட்டு எனக்கு விடப்பட்டிருக்கிறது. முற்றத்தைச் சுற்றி நடந்தபடி உரக்கப் படித்தாலும் கேட்பார் இல்லை. உரிமையாளர்கள் குடும்பத்தில் திருமணம் வந்து அத்தனை பங்காளிகளும் ஊருக்குத் திரும்பும் நாட்களில் மட்டும் புத்தகத்தோடு நூலகத்துக்குப் போய்விடுவேன்.

மெதுவாகப் படித்த பிறகு செய்ய வேண்டியதுதான் எல்லாவற்றிலும் முதன்மையானது; வேக வாசிப்பைப் பற்றிப் பேசுபவர்கள் அதைத் தொடுவதே இல்லை. செயின்ட் லூயி நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் சிறப்பாகச் செய்தனர். ஆனால் இரண்டு நாட்கள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் வைத்த தேர்வுகளில், ஒரு முறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிகள் வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழுக்கலைத் தேர்ச்சி என்று எண்ணுவது எளிது. தேர்வு அறையிலோ நம் எதிரே இருப்பது வெற்றுத்தாள். ஆகவே ஒரு மணி நேரம் கிடைத்தால் அதில் பாதிக்கு மேல் நூலை மூடிவைத்து எழுதுவதற்கே ஒதுக்குகிறேன். கைப்பேசித் திரையைத் தேய்த்தே பழகிய விரல்களுக்கு மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதும் பயிற்சியும் இதனால் கிடைத்துவிடுகிறது.

இவ்வாறு எழுதியவற்றிலிருந்து அரைத்தாள் அளவுக்குச் சுருக்கிய குறிப்புகளைத் தேர்வுக்கு முந்தைய இரவில் எடுக்கும்போது, வேக வாசிப்பு தன் முழுப் பயனையும் தருகிறது. எழுதியவனும் நான், படிப்பவனும் நான் என்பதால், என்ன இருக்க வேண்டும் என்று முன்பே தெரியும். தலைப்பைப் பார்த்து, உள்ளடக்கத்தை மனத்துக்குள் சொல்லி, விடுபட்டது எதுவென்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடலாம். ஆண்டுகளும் உடன்படிக்கைகளும் நிறைந்த தாள்களுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. வரலாறு எவ்வாறு எழுதப்படுகிறது என்பதை ஆராயும் வரலாற்றெழுதியல் தாளுக்கு மட்டும் பொருந்தவில்லை. ஜெர்மன் வரலாற்றாசிரியர் ராங்கே என்ன சொன்னார், ஆங்கிலேய மெய்யியலாளர் காலிங்வுட் அதை எங்கே மறுத்தார் என்பதில் ஒவ்வொரு வாதமும் முந்தைய வாதத்தின் மேல் நிற்பதால், நோட்டமிட்டுத் தாண்டக்கூடிய பத்தி என்று ஒன்றுகூட அதில் அமையவில்லை. வரும் பருவத்தில் அந்தத் தாள்தான் இருக்கிறது. அதற்கு மற்றத் தாள்களைப் போல் இரு மடங்கு நேரத்தை ஒதுக்கி, முதல் பக்கத்திலிருந்தே பென்சிலோடு தொடங்கியிருக்கிறேன்.