பதிமூன்று ஃபாரம்

என் நாவலில் ஓர் ஆடு பாதியில் காணாமல் போகிறது. நாற்பதாம் பக்கத்தில் குட்டியோடு வேப்பமரத்தடியில் கட்டிக் கிடக்கும். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. எழுதியபோது இருந்தது. அச்சில்தான் போய்விட்டது.

சாத்தூரில் கணக்கு டீச்சர் நான். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் உட்கார்ந்து எழுதி, ஐந்து வருடத்தில் முடித்த நாவல். இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஒன்றிலிருந்து பதிலே இல்லை. இன்னொன்று போடுகிறோம் என்றது, ஆனால் 200 பிரதிகளை நானே வாங்கிக்கொள்ள வேண்டுமாம். அந்தக் காசுக்கு நானே அச்சடித்துவிடலாமே? பஸ் ஏறினால் சிவகாசி.

போனது புரட்டாசிக் கடைசியில். அது அங்கே என்ன காலம் என்று யோசிக்கவில்லை. ஆடி 18க்கு அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்கினால், வருடக் கடைசி வரை மெஷின் நிற்காது. வாசல்வரை தினசரி காலண்டர் தாள் அடுக்கியிருந்தது. 300 பிரதி நாவல் என்றதும் அச்சக அண்ணாச்சி சிரிக்கவில்லை. அதுவே பெரிய மரியாதை.

“எத்தனை பக்கம் டீச்சர்?”

“211.”

அவர் ஒரு பெரிய தாளை எடுத்து மேஜையில் விரித்தார். யாரோ அடித்த புத்தகத்தின் வேஸ்ட் தாள். ஒரு பக்கத்தில் எட்டு, மறுபக்கத்தில் எட்டு. பாதிப் பக்கங்கள் தலைகீழாக நின்றன. ஒன்றாம் பக்கத்துக்குப் பக்கத்திலேயே பதினாறாம் பக்கம். மூன்று தடவை மடித்துக் காட்டினார். எல்லாம் வரிசைக்கு வந்துவிட்டது. இதுதான் ஒரு ஃபாரம், 16 பக்கம். பதிமூன்று ஃபாரம் என்றால் 208. மிச்சம் மூன்று பக்கத்துக்காகத் தனியாக பிளேட் என்கிற அச்சுத் தகடு, தனியாக மெஷின் ஓட்டுக்கூலி. “நாலு பக்கத்தைத் தனியா ஒட்டுனா பைண்டிங்லயும் நிக்காது. மூணைக் குறைச்சிருங்களேன்” என்றார்.

எழுத்தின் அளவைக் குறைக்கலாம் என்று, கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற டிடிபி தம்பி சொன்னான். என் வாசகர்களில் பாதிப் பேர் கண்ணாடியைத் தேடுகிறவர்கள், வேண்டாம் என்றேன். அணிந்துரை நாலு பக்கம் இருந்தது. நாவலைப் பற்றி அதில் ஒரு பக்கம்தான், மூன்று பக்கம் எழுதியவரைப் பற்றியே. அளவெடுத்த மாதிரி மூன்று பக்கம்! ஆனால் கெஞ்சி வாங்கிய அணிந்துரையில் கை வைக்க முடியுமா? கடைசியில் என் எழுத்தில்தான் வெட்டினேன்.

வெட்டியது எட்டயபுரம் சந்தை. சனிக்கிழமை விடியுமுன் அம்மா ஆட்டையும் குட்டியையும் ஓட்டிக்கொண்டு போவாள். வியாபாரி துண்டைப் போட்டு, அதற்குள் அவள் விரலைப் பிடித்து விலை பேசுவான். வாய் ஒரு விலை சொல்லும், விரல் வேறு விலை சொல்லும். ஆணின் கை துண்டுக்குள் தன் கையைப் பிடித்திருப்பதே அவளுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்திலேயே சீக்கிரம் தலையாட்டிவிடுவாள். நாவலில் எனக்குப் பிடித்த இடம். சரியாக மூன்று பக்கம் வந்தது அதுதான்.

மொத்தம் 41,000 ரூபாய் ஆயிற்று. பிரதிக்கு 137. விலை 260 வைத்தேன். கடைக்கு 40 சதவீதம் போக என் கைக்கு 156. மிஞ்சுகிற 19 ரூபாயில்தான் பார்சல் செலவும். கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கு புத்தகம் வந்து இறங்கிய அன்று ராத்திரிதான் உறைத்தது. சென்னைப் புத்தகக் காட்சியில் தெரிந்த ஒருவரின் ஸ்டாலில் 50 பிரதிகள் வைத்தேன். 18 விற்றது, பணம் ஆடியில் வந்தது. எழுத்தாளர் சி.சு. செல்லப்பா தானே போட்ட புத்தகங்களை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார் என்று படித்தபோது தியாகம் என்று நினைத்தேன். அவருக்கு வேறு வழி என்ன இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. சொந்தக்காரர்களிடம் புத்தகத்துக்குக் காசு கேட்பது தனிக் கலை. எனக்கு இன்னும் வரவில்லை. ஒரே ஒரு கர்வம்: புத்தகம் வெளியிடுகிறவர் நூலகத்துக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்கிற 1954ஆம் வருடச் சட்டப்படி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன்.

அப்புறம் கிண்டிலில் போட்டேன். 99 ரூபாய்க்குக் குறையாமல் விலை வைத்து, மின்னூலை வேறெங்கும் விற்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால்தான் இந்திய விற்பனையில் எழுதியவருக்கு 70 சதவீதம், இல்லையென்றால் 35. ஒப்புக்கொண்டேன். அங்கே ஃபாரமும் இல்லை, பிளேட்டும் இல்லை என்பது கோப்பை ஏற்றும்போதுதான் உறைத்தது. சந்தையைத் திரும்பச் சேர்த்தேன். ஆகவே என் நாவலுக்கு இப்போது இரண்டு வடிவம், ஒன்றில் ஆடு விற்கப்படுகிறது, இன்னொன்றில் சும்மா மறைந்துவிடுகிறது.

போன மாதம் கோவில்பட்டியிலிருந்து ஓர் அம்மா போனில் பேசினார். நூலகத்தில் எடுத்துப் படித்தாராம். அந்த நூலகத்துக்குப் புத்தகம் எப்படிப் போனது என்று எனக்கே தெரியாது. மொழி, நடை பற்றியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை.

“டீச்சர், அந்த ஆடு என்ன ஆச்சு?”

அந்த மூன்று பக்கத்தையும் போனிலேயே சொன்னேன். விடியக்காலை, துண்டு, விரல், எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எவ்வளவுக்கு முடிஞ்சது?”

“எழுநூறு.”

“குட்டியோடவா? ஏமாந்துட்டீங்களே டீச்சர்.”