கெட்டிஸ்பர்க் வேலிகளைச் செப்பனிட்டவர்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863 ஜூலை முதல் மூன்று நாட்களில் நடந்த கெட்டிஸ்பர்க் போரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், எழுபது ஆண்டுகளுக்குப் பின் அந்தக் களத்தைச் சீரமைத்த கைகளையே என் மனம் தேடிப் போகிறது.

1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையின்றித் தவித்த இளைஞர்களுக்காக அதிபர் ரூஸ்வெல்ட் 1933-இல் தொடங்கிய குடிமக்கள் இயற்கைவளப் பாதுகாப்புப் படை, அவ்வாண்டே அங்குள்ள பிட்சர் காட்டிலும் மறு ஆண்டு மெக்மில்லன் காட்டிலும் முகாம் அமைத்தது. இரண்டிலும் தங்கியவர்கள் கறுப்பின இளைஞர்கள். புதர்களை வெட்டுவது, கற்சுவர்களையும் மரவேலிகளையும் செப்பனிடுவது, மண்ணரிப்பைத் தடுப்பது என உழைத்த அவர்களுக்கு மாதக் கூலி 30 டாலர். அதில் வழக்கமாக 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். (மிஞ்சிய ஐந்து டாலரில் என்னதான் வாங்கியிருப்பார்களோ!)

அடிமைமுறையின் விதியைத் தீர்மானித்த போரின் களத்தை, நிறத்தால் பிரிக்கப்பட்ட முகாம்களில் தங்கிக்கொண்டு அவர்கள் பராமரிக்க நேர்ந்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. மெக்மில்லன் முகாமின் பொறுப்பு கறுப்பின அதிகாரிகளிடம் வந்ததுகூடச் சில ஆண்டுகள் கழித்துத்தான். 1938-இல், போரின் 75-ஆம் ஆண்டு நிறைவுக்காக வடக்கு, தெற்கு என இரு தரப்பு முதிய வீரர்களும் திரண்டு வந்து, ரூஸ்வெல்ட் அணையா ஒளி அமைதி நினைவுச் சின்னத்தைத் திறந்துவைத்ததைப் பார்த்தது, இந்த இளைஞர்கள் திருத்திய களத்தில்தான்.