அமிகா 1200: 3.2 எம்பி பொதியை சீரியல் கேபிளில் இறக்கிப் பிரித்த அனுபவம்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் வேலை முடிந்தது. அமிகா 1200 என்னும் அந்தக் கால வீட்டுக் கணினியின் பழைய ஹார்ட் டிஸ்க் செத்துப்போகும் முன் அதில் இருந்ததையெல்லாம் எல்எச்ஏ என்ற சுருக்க வடிவத்தில் ஒரே பொதியாகக் கட்டி வைத்திருந்தேன். அளவு 3.2 எம்பி. பிரித்தால் 8 எம்பி, 1,400-க்கும் மேற்பட்ட கோப்புகள். அதைப் புதிய டிஸ்க்கில் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

முதல் வாரம் இப்போதைய கணினியிலேயே பிரித்துப் பார்த்தேன். சில நொடிகளில் முடிந்தது. ஆனால் எண்ணிப் பார்த்தால் இரண்டு கோப்புகள் குறைந்தன. அமிகாவின் சிஸ்டம் கோப்புகளில் ஏயூஎக்ஸ் என்று ஒன்று உண்டு, கூடவே அதன் ஐகான். விண்டோஸுக்கு அது டாஸ் காலத்திலிருந்தே ஒதுக்கிவைத்த பெயர். அந்தப் பெயரில் கோப்பு உருவாக்கச் சாதாரணமாக விடாது. அதைவிடப் பெரிய இழப்பு வேறு. அமிகா ஒவ்வொரு கோப்போடும் சில குறிகளை வைத்திருக்கும்: இது ஸ்கிரிப்ட், இதை அழிக்கக் கூடாது என்பது மாதிரி. பொதிக்குள் அவை பத்திரமாக இருக்கும். வேறு இயங்குதளத்தில் பிரித்தால் போய்விடும். ஸ்கிரிப்ட் குறி போனால், பெயரைத் தட்டியதும் ஓடிய சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள் எதுவும் அப்படி ஓடாது. ஆகவே கட்டு அவிழாமல் கொண்டுபோய் அங்கேயே பிரிப்பது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முதலில் பிரிக்கும் நிரல் அங்கே இருக்க வேண்டும். அந்த நிரலே எல்எச்ஏ பொதியாக வந்தால் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். நல்லவேளை, தானே பிரிந்துகொள்ளும் வடிவமும் கிடைக்கிறது. அதையும், கேபிள் வழியாக வரும் கோப்பை வாங்க ஒரு டெர்மினல் நிரலையும் 720 கேபி ஃபிளாப்பியில் போட்டேன். அமிகாவின் இயங்குதளமான ஒர்க்பெஞ்ச் 2.1 முதல் டாஸ் ஃபிளாப்பியைப் படிக்கும் வசதி கூடவே வருகிறது என்பதால் இது ஐந்து நிமிட வேலை.

அப்புறம் இரண்டு கணினிகளையும் இணைக்கும் சீரியல் கேபிள். நொடிக்கு 38,400 பிட் வேகத்தில் தொடங்கினேன், திரை முழுக்கப் பிழைச் செய்திகள். காரணம் வன்பொருளிலேயே இருக்கிறது. சீரியலைக் கவனிக்கும் பௌலா சில்லில், வந்து சேர்ந்த ஒரே ஒரு பைட்டை வைத்திருக்கத்தான் இடம். அந்த வேகத்தில் ஒரு பைட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 260 மைக்ரோவினாடி. அதற்குள் பிராசசர் வந்து எடுக்காவிட்டால் அடுத்தது வந்து பழையது போய்விடும். என் இயந்திரத்தில் கூடுதல் ராம் கிடையாது. உள்ள 2 எம்பியைத் திரையும் பிராசசரும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவதும் பிராசசர் தன் கையால் செய்யும் வேலைதான்.

திரையை 4 வண்ணத்துக்குக் குறைத்தேன், வேகத்தை 19,200 ஆக்கினேன், 'பொறு', 'அனுப்பு' என்று ஒன்றுக்கொன்று சைகை காட்டும் ஆர்டிஎஸ்/சிடிஎஸ் முறையை இரு பக்கமும் இயக்கினேன். என் கேபிளில் அந்த இரண்டு கம்பிகளும் குறுக்காக இணைக்கப்படாமலே இருந்தன. அதைக் கண்டுபிடிக்கவே இரண்டாவது வாரம் முழுக்கப் போனது. மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொரு பின்னாகப் பாருங்கள், கடையில் வாங்கிய கேபிள்தானே என்று நம்ப வேண்டாம்.

ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவு பிட்டுகளோடு சேர்த்து 10 பிட் போவதால், 19,200 என்றால் நொடிக்கு 1,920 பைட். கணக்குப்படி 29 நிமிடம், எனக்கு 31 ஆனது. நடுவில் ஒருமுறை கேபிள் கழன்றது. ஆனால் சக் ஃபோர்ஸ்பெர்க் 1986-இல் எழுதிய ஸீமோடெம் என்ற கோப்பு அனுப்பும் நெறிமுறை விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. 128 பைட்டுக்கு ஒருமுறை பதிலுக்குக் காத்திருக்கும் பழைய எக்ஸ்மோடெமோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய உதவி என்பது அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. மனதார நன்றி சொன்னேன்.

பிரிக்கும் முன் 'டி' கட்டளையால் சோதித்தேன். ஒவ்வொரு கோப்பின் சிஆர்சியும், அதாவது பிழையைக் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்ணும், சரி. பிரிக்கும்போது 'எக்ஸ்' கொடுக்க வேண்டும். 'ஈ' கொடுத்தால் கோப்புறைகள் உருவாகாமல் எல்லாம் ஒரே இடத்தில் வந்து விழும். முதலில் அதைச் செய்து, ஒரே பெயருள்ள கோப்புகள் மோதி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். எக்ஸ் கட்டளையில் 18 நிமிடம் ஆனது. சின்னக் கோப்புகள்தான் நேரத்தைத் தின்றன. ஒவ்வொன்றுக்கும் டிஸ்க் கோப்புறைப் பதிவுக்கும் தரவுக்குமாக மாறி மாறி ஓடுகிறது. ஆட்பஃபர்ஸ் என்ற அமிகா கட்டளை மூலம் டிஸ்க்கின் அந்தப் பகுதிக்கு 200 பஃபர் (டிஸ்க் தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவக இடம்) கூட்டி மீண்டும் பிரித்தேன். 11 நிமிடம்! ஏறக்குறைய 100 கேபி நினைவகம் கொடுத்து 7 நிமிடம் மிச்சம்.

டிஸ்க் விளக்கு முழுசாக அணையும்வரை காத்திருந்து, அப்புறம்தான் பட்டியலைத் திறந்தேன். ஏயூஎக்ஸ் இருந்தது, பக்கத்தில் அதன் ஐகானும். ஸ்கிரிப்டுகளின் வரிசையில் எஸ் குறி அப்படியே நின்றது. ஒன்றின் பெயரைத் தட்டினேன், ஓடியது.