குவாரி வரப்போகும் குன்றில் காட்டுயிர் கணக்கெடுப்பு: குடியாத்தம், பேரணாம்பட்டு அனுபவம்

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவைப்படும் குவாரி என்றால் குத்தகை நிலம் மட்டுமல்ல, சுற்றி 10 கிலோமீட்டரும் ஆய்வுக்குள் வரும். அந்த வட்டத்தை மாநில எல்லையோடு நிறுத்திவிடாதீர்கள். பேரணாம்பட்டு மாந்தோப்புகளுக்கு வரும் யானைகள் ஆந்திராவின் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்துதான் இறங்குகின்றன. மூன்று வாரம் கேமரா கட்டினாலும் படத்தில் ஒன்றுகூட விழாமல் போகலாம். அதனால் வனத்துறை ரேஞ்ச் ஆபீஸில் பயிர்ச்சேத இழப்பீட்டுப் பதிவேட்டைக் கேளுங்கள். ஐந்து வருடத்துச் சர்வே எண்களையும் தேதிகளையும் வரைபடத்தில் புள்ளி வைத்தால் வழித்தடம் தானாகத் தெரியும்.

பறவைகளில் தவறவே கூடாதது மஞ்சள்தொண்டைச் சின்னான். தென்னிந்தியப் பாறைக்குன்றுகளைத் தவிர வேறெங்கும் கிடையாது. அழியும் உயிரினங்களைத் தொகுக்கும் ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனம். கிரானைட்டுக்காக வெட்டுவதும் இதே குன்றுகளைத்தான். விடிந்ததிலிருந்து எட்டரை மணிக்குள் பாருங்கள். பாறை சுட ஆரம்பித்தால் புதருக்குள் அடங்கிவிடும். 250 மீட்டருக்கு ஓரிடம், இடத்துக்குப் பத்து நிமிடம், முதலில் காது, பிறகுதான் பைனாகுலர். அதே புதர்க்காட்டில் வெண்புருவச் சின்னான் ஏராளம், அதனால் பெயர் மாறிப் பதிவாகிறது. கண்ணுக்கு மேல் வெள்ளைக்கோடு இருந்தால் அது வெண்புருவம். கோடில்லாமல், தொண்டையும் வாலடியும் பளிச்சென்ற மஞ்சளாக இருந்தால் நாம் தேடுவது. பாறை இடுக்கில் இச்சி (அத்தி வகை மரம்) பழுத்திருந்தால் அங்கேயே காத்திருங்கள்.

அடிப்படைத் தரவுக்கு மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவம் போதும் என்கிறது விதி. பெரும்பாலும் மார்ச் முதல் மே வரை எடுத்துவிடுகிறார்கள். நட்சத்திர ஆமை நடமாடுவதோ மழை விழுந்த பிறகு. அக்டோபர் முதல் மழைக்குப் பின் நான்கு நாள் காலையில் முள்புதர் ஓரம் நடக்காத அறிக்கையில் ஆமை இருக்காது. இருந்தாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பழைய அட்டவணைப்படி நான்காவதில் போட்டிருப்பார்கள். 2022 திருத்தத்துக்குப் பின் அது முதல் அட்டவணை. முதல் அட்டவணை உயிரினம் இருந்தால் தனியே பாதுகாப்புத் திட்டமும் அதற்கான நிதியும் காட்டியாக வேண்டும். அந்தத் திட்டத்தில் '500 வேப்பங்கன்று நடப்படும்' என்று இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பாறையில் வாழும் பறவைக்கு வேப்பந்தோப்பு ஈடாகாது. இச்சி நிற்கும் பாறைப்பகுதியை வெட்டாமல் விடுவதே ஈடு.

குவாரி பற்றிய பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு 30 நாள் முன்பே அறிவிப்பும் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கமும் வந்துவிட வேண்டும். 'விலங்குகள் பாதிக்கப்படும்' என்று பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகத்தான் வரும். தேதி, சர்வே எண், ஜிபிஎஸ், போட்டோ நான்கையும் சேர்த்து இரண்டு பிரதி கொடுத்து, ஒன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.