குட்டை வண்டிக்குப் பொருந்தும் டிரெய்லர்: டென்வர் நாட்குறிப்பு

ஏப்ரல் 6, 2024

முகாமில் தங்குவதற்கான டிரெய்லர் ஒன்றைத் தேடுகிறோம். அதை இழுக்கப்போகும் வண்டி ஐந்தாம் தலைமுறை டொயோட்டா ஃபோர்ரன்னர். 4 லிட்டர் வி-6, ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 109.8 அங்குலம். இழுவை வரம்பு 5,000 பவுண்டு. டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் பந்தின்மேல் இறங்கலாம் என்று கம்பெனி அனுமதிக்கும் எடை 500 பவுண்டு. டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். நம்மைக் கட்டிப்போடுவது இரண்டாவது எண்.

மாட்டுவண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இது புதிதல்ல. பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கும், முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து நசுங்கும். டிரெய்லருக்கும் அதே கதைதான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக ஹிட்சில் உட்கார வேண்டும். அதற்குக் குறைந்தால் நெடுஞ்சாலையில் வாலாட்டம், அதாவது டிரெய்லர் பக்கவாட்டில் ஊசலாடுவது, தொடங்கும். 13 சதவீதம் என்று வைத்துக்கொண்டு 500-ஐ வகுத்தால் 3,846 வருகிறது. 5,000 பவுண்டு டிரெய்லர் துல்லியமாக 10 சதவீதத்தில் நின்றால்தான் இந்த வண்டிக்கு ஒத்துவரும். ஒரு பெட்டியை முன்னால் நகர்த்தினாலே வரம்பு தாண்டிவிடும். ஆகவே தேட வேண்டியது, சாமான் ஏற்றிய பிறகும் 3,800 பவுண்டுக்குள் நிற்கும் டிரெய்லர்.

ஏப்ரல் 9

வீல்பேஸ் ஏன் இவ்வளவு முக்கியம்? பின் அச்சை நெம்புகோலின் தாங்குபுள்ளி என்று நினைத்துக்கொள்ளலாம். ஹிட்ச் பந்து அதற்கு 50 அங்குலம் பின்னால் இருக்கிறது என்று வைப்போம். 500 பவுண்டு அங்கே இறங்கினால் முன் அச்சு 500 × 50 ÷ 110, அதாவது 227 பவுண்டு இழக்கும். பின் அச்சில் 727 பவுண்டு கூடும். 145 அங்குல வீல்பேஸ் உள்ள பிக்கப்பில் முன் அச்சின் இழப்பு 172 பவுண்டுதான். இரண்டு கதவு ஜீப் ராங்லரின் வீல்பேஸ் 96.8 அங்குலம். அதன் இழுவை வரம்பு 2,000 பவுண்டோடு நிற்பதில் வியப்பில்லை.

முன்சக்கரம் லேசானால் ஸ்டியரிங் பிடிமானம் குறையும், பிரேக்கும் குறையும். பெரிய லாரி கடந்துபோகும்போது டிரெய்லரின் பக்கவாட்டில் அறையும் காற்று, அதே நெம்புகோல் வழியாக வண்டியின் பின்புறத்தைத் திருப்பப் பார்க்கும். 110 அங்குலத்துக்கு 20 அடி டிரெய்லர், அதற்குமேல் ஒவ்வொரு 4 அங்குலத்துக்கும் ஓர் அடி என்று இழுப்பவர்களிடையே ஒரு கைக்கணக்கு உண்டு. அது சட்டமல்ல, ஆனாலும் 20 அடிக்குமேல் பார்ப்பதில்லை என்று முடிவு.

ஏப்ரல் 13

விளம்பரத் தாளில் போடும் வெற்று எடையை நம்பக்கூடாது. 2,900 பவுண்டு என்று போட்ட ஒரு டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். நிரப்பிய 20 பவுண்டு புரோபேன் சிலிண்டர் இரும்போடு சேர்த்து 37 பவுண்டு, இரண்டுக்கு 74. பேட்டரி 50. தண்ணீர் ஒரு காலனுக்கு 8.34 பவுண்டு வீதம் 30 காலனுக்கு 250. பாத்திரம், படுக்கை, நாற்காலி, உணவு எல்லாம் 400. குழாய், கட்டைகள், ஜாக்கி 60. கூட்டினால் 3,734. அந்த டிரெய்லரின் மொத்த எடை வரம்பு 3,500 என்றால் புறப்படும்போதே 234 பவுண்டு மிகை. தண்ணீரை முகாமிடத்தில் பிடித்துக்கொண்டால் கணக்கு மயிரிழையில் உள்ளே வரும்.

தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்றும் குனிந்து பார்க்க வேண்டும். அச்சுக்குப் பின்னால் இருந்தால், தொட்டி நிரம்ப நிரம்ப முன்பாரம் குறையும்.

ஏப்ரல் 14

ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டு. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு ஏறலாம் என்பது அதில் இருக்கும். முன்பாரமும் இந்தக் கணக்கில்தான் சேரும், பலர் தவறவிடுவது இதைத்தான். சீட்டில் 1,200 என்று இருந்தால்: பெரியவர் இருவர் 320, பிள்ளைகள் இருவர் 120, ஹிட்ச் கருவிகள் 80, வண்டிக்குள் சாமான் 150, 3,500 பவுண்டு டிரெய்லரின் முன்பாரம் 455. மொத்தம் 1,125. மிச்சம் 75 பவுண்டு. கூரைமேல் பெட்டி வைக்க இடமில்லை.

ஏப்ரல் 20

டென்வரிலிருந்து மேற்கே ஐ-70 சாலையில் போனால் ஐசன்ஹோவர் சுரங்கம் சுமார் 11,000 அடி உயரத்தில். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தி இழக்கும். அங்கே மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

மீதிச் சக்தியைத் தின்பது காற்று. 8 அடி அகலப் பெட்டி டிரெய்லர் ஏறத்தாழ 64 சதுர அடிச் சுவரைக் காற்றில் தள்ளுகிறது. 6 அடி 8 அங்குல அகலமுள்ள ஃபைபர்கிளாஸ் முட்டை டிரெய்லருக்கு இது 40-ஐ ஒட்டி வரும், முனைகளும் உருண்டை. வேகம் 55 மைலிலிருந்து 65 ஆனால் காற்றின் எதிர்ப்பு 40 சதவீதம் கூடும். ஏற்றத்தில் கியர் மேலும் கீழும் தாவினால் கியர்பெட்டி எண்ணெய் கொதிக்கும். 4-ஆம் கியரிலேயே நிறுத்தி ஓட்டுவது நல்லது.

ஏப்ரல் 27

பட்டியல் சுருங்கிவிட்டது. ஏர்ஸ்ட்ரீம் பாம்பி 16 அடி, ஃபைபர்கிளாஸ் முட்டையான காசீட்டா 17 அடி: இரண்டும் 3,500 பவுண்டு வரம்பு, ஒற்றை அச்சு. 19 அடி இரட்டை அச்சு டிரெய்லர்கள் ஓட்டத்தில் அமைதியானவை, ஒரு டயர் வெடித்தாலும் தாங்கும். ஆனால் அந்த அச்சின் எடையே நம் வரம்பைத் தின்றுவிடும். அகலம் குறைந்த காசீட்டாவுக்கே என் வாக்கு.

மே 4

பழைய முட்டை டிரெய்லர் பார்க்கும்போது முதலில் அடியில் படுக்க வேண்டும். இவற்றின் அச்சில் வில்பட்டை இல்லை, குழாய்க்குள் இருக்கும் ரப்பர்தான் அதிர்வைத் தாங்குகிறது. ரப்பர் செத்துவிட்டால் சக்கரத்தைத் தாங்கும் கை கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிக் கிடக்கும். அப்படியானால் அச்சையே மாற்ற வேண்டும், விலையில் அதைக் கழித்துக் கேட்கலாம். டிரெய்லரின் அடிச்சட்டம் முன்பக்கம் ஒடுங்கும் இடத்தில் விரிசல் தேட வேண்டும். ரிவெட்டுகளைச் சுற்றி நீர்க்கறை இருந்தால் ஒழுக்கு. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் 2317 என்று இருந்தால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். தேய்மானம் இல்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டியதுதான்.

மே 11

முன்பாரம் அளக்க வீட்டு எடைமேடை போதும். கனமான கட்டையின் ஒரு முனை குழாய்மேல், மறுமுனை எடைமேடைமேல், நடுவே 3 அடி. டிரெய்லரின் மூக்கைக் குழாயிலிருந்து ஓர் அடி தள்ளிக் கட்டைமேல் இறக்க வேண்டும். காட்டும் எண்ணில் கட்டையின் பங்கைக் கழித்து மூன்றால் பெருக்கினால் முன்பாரம். டிரெய்லர் மட்டமாக, சாமான் ஏற்றிய நிலையில் இருக்க வேண்டும்.

ஹிட்சில் இறங்கும் பாரத்தில் ஒரு பகுதியை ஸ்பிரிங் கம்பிகளால் முன் அச்சுக்குத் திருப்பும் எடைபகிர் ஹிட்ச் போடலாமா என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்தபின்தான் வாங்க வேண்டும், சில கம்பெனிகள் அதைத் தடை செய்கின்றன. போட்டால், டிரெய்லர் மாட்டும் முன் முன்சக்கர வளைவின் உயரத்தைக் குறித்துக்கொண்டு, மாட்டியதும் எழும்பிய அளவில் பாதியாவது கீழிறங்கும்வரை ஸ்பிரிங் கம்பிகளை இறுக்க வேண்டும்.

டிரெய்லரின் பிரேக்கை ஓட்டுநர் இருக்கையிலிருந்து இயக்கும் பிரேக் கன்ட்ரோலர் இந்த வண்டியில் கிடையாது, தனியாகப் பொருத்த வேண்டும். அதன் கைநெம்பு விரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். வாலாட்டம் வந்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, அந்த நெம்பால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் போட வேண்டும். வண்டியின் பிரேக்கை மிதித்தால் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி ஆட்டத்தைக் கூட்டும். சக்கர நட்டுகளை முதல் 50 மைல் ஓடியதும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்க வேண்டும்.