ஐந்தே முக்கால் பஸ்

"பஸ் பிள்ளைகளை அனுப்பிடுங்க டீச்சர். ஏதாவது ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?"

ஹெச்.எம். மேடம் கேட்டது இவ்வளவுதான். 2023 ஆகஸ்ட் 23. சந்திரயான்-3 நிலவில் இறங்கிய மாலை. விக்ரம் லேண்டர் 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறங்கத் தொடங்கியதும் ஐந்தே முக்காலுக்கு, எங்கள் டவுன் பஸ் கிளம்புவதும் ஐந்தே முக்காலுக்கு. நேரலையைத் திரையில் போட்டிருந்த ஹைடெக் லேப் வாசலில் நின்று நான்தான் பேர் கூப்பிட்டு அனுப்பினேன்.

அதில் தப்பில்லை. அடுத்த பஸ் எட்டு மணிக்கு. இறங்கி இருட்டில் நடக்கவேண்டிய பெண் பிள்ளைகள். இன்றைக்குக் கேட்டாலும் அனுப்பத்தான் செய்வேன். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பையை மாட்டிக்கொண்டே, "ராத்திரி யூடியூப்ல வந்துடுமே டீச்சர், பார்த்துக்கிறேன்" என்றாள். முகத்தில் துளி வருத்தமில்லை. "அது வேற, இது வேற" என்றேன். "என்ன டீச்சர் வேற?" என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா சோயுஸ் டி-11இல் விண்வெளிக்குப் போனபோது எனக்கு ஒன்பது வயது. மெட்ராஸில் பக்கத்து வீட்டு டயனோரா டிவி முன்னால் தெருவே உட்கார்ந்திருந்தது. சல்யூட் விண்வெளி நிலையத்தில் இருந்தவரிடம், மேலிருந்து பார்த்தால் இந்தியா எப்படித் தெரிகிறது என்று இந்திரா காந்தி கேட்டார். கேள்வியும் ஹிந்தி, பதிலும் ஹிந்தி. எனக்கு ஒரு சொல் புரியவில்லை, படமும் ஒரே புள்ளி புள்ளி. ஆனாலும் வீட்டுக்காரத் தாத்தா கைதட்டியதும் நானும் தட்டினேன். நான் அறிவியல் படித்ததற்கு அந்த மாலைதான் காரணம் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவருகிறேன். அன்று நான் அறிவியலைப் பார்த்தேனா, கூட்டத்தைப் பார்த்தேனா?

லேபில் மீதி இருந்தவர்களுக்குத் திரையில் கிடைத்ததும் ஒரு வளைகோடும் அதில் நகரும் புள்ளியும்தான். ஆனால் 2019இல் சந்திரயான்-2 இறங்கும்போது கடைசி 2.1 கிலோமீட்டரில் தொடர்பு அறுந்தது எல்லாருக்கும் தெரியும். நான்கு நாள் முன்புதான் ரஷ்யாவின் லூனா-25 நிலவில் மோதி நொறுங்கியிருந்தது. முன்வரிசைப் பையன் ஒருவன் என் நாற்காலிக் கையைப் பிடித்தவன், லேண்டர் இறங்கிய 6.04 வரை விடவில்லை. முடிவு தெரியாமல் காத்திருப்பது, அதுவும் சேர்ந்து காத்திருப்பது, அதுதான் வேறு. அவளிடம் இதைத்தான் சொல்லவேண்டும் என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

மறுநாள் அவளே வந்தாள். "இறங்கிடுச்சுன்னு பஸ்லயே சொல்லிட்டாங்க டீச்சர். அதனால பயமில்லாம நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். 150 மீட்டர்ல ஏன் கொஞ்ச நேரம் அப்படியே நின்னுச்சு?"

பள்ளமும் பாறையும் இல்லாத இடமா என்று கேமராவால் பார்த்துக்கொள்ளத்தான் என்று விளக்கினேன். லேபில் உட்கார்ந்து பார்த்த ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. நாங்கள் எல்லாரும் கைதட்டத் தயாராகிக்கொண்டிருந்தோம். நான் யோசித்து வைத்திருந்ததை அவளிடம் சொல்லவில்லை.

அவள் பார்த்தது குறைவு என்று எந்த வாயால் சொல்வேன்? குறைவில்லை என்றும் மனம் ஒப்பவில்லை. அந்த நாற்காலிக் கையை அவளும் பிடித்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

ககன்யானில் நம் ஆட்கள் விண்வெளிக்குப் போகும் நாளுக்கு முன்கூட்டியே பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, திரும்பிப் போக வண்டி ஏற்பாடு செய்யலாமா என்று மேடத்திடம் கேட்டிருக்கிறேன். "தேதி வரட்டும், பார்க்கலாம்" என்றார்.