பெரியம்மாவின் கைத்தொலைபேசி பில்லும் நாங்கள் மறுத்த 205 ரிங்கிட்டும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கைத்தொலைபேசி பில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கூடி வந்துவிட்டால், தோட்டத்து மக்களில் பலர் லைனை வெட்டிவிடுவார்களோ என்று பயந்து, கேள்வி எதுவும் கேட்காமல் கட்டிவிடுகிறார்கள். இன்னும் சிலர் கோபத்தில் அந்த சிம் அட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு பிரீபெய்டு எண் வாங்கிக்கொள்கிறார்கள். முதல் வழியில் பணம் போகிறது. இரண்டாவது வழியில் கட்டப்படாத பாக்கி அவர்களுடைய பெயரிலேயே தங்கி, சி.டி.ஓ.எஸ். போன்ற கடன் தகவல் நிறுவனத்தின் பதிவில் ஏறி, பின்னொரு நாள் வீட்டுக் கடனுக்கோ மோட்டார் சைக்கிள் கடனுக்கோ விண்ணப்பிக்கும்போது குறுக்கே வந்து நிற்கிறது. பில்லில் தவறான பகுதியை மட்டும் பிரித்தெடுத்து எழுத்துமூலம் மறுப்பது என்ற மூன்றாவது வழி ஒன்று உண்டு. என் பெரியம்மாவின் பில்லுக்காக அந்த வழியில் போனதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பெரியம்மாவின் போஸ்ட்பெய்டு திட்டம் மாதம் 45 ரிங்கிட். 2024 மார்ச் மாதத்தில் பொதுவான சேவை வரி 8 விழுக்காடாக உயர்ந்தபோதும் தொலைத்தொடர்புச் சேவைக்கு 6 விழுக்காடே நீடித்ததால், வரி 2.70 சேர்ந்து, மாதந்தோறும் அவர் கட்ட வேண்டிய தொகை 47.70 ரிங்கிட்டாகவே இருந்து வந்தது. திடீரென ஒரு மாதம் வந்த பில்லில் 339.40 ரிங்கிட் என்று இருந்தது. பில்லைக் கட்டுவது செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் அவருடைய மகன், அதாவது என் அண்ணன். இன்றைய குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை ஒரே ஒரு கைத்தொலைபேசி எடுத்துக்கொண்டு போவதை எந்தக் குடும்பமும் சும்மா விட்டுவிடக் கூடாது.

பெரியம்மாவுக்கோ தொகையைவிட லைன் போய்விடுமே என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. “கட்டிருவோம்மா, விடு. லைன வெட்டிட்டா சிங்கப்பூர்ல இருக்கிற பேரப்பிள்ளைங்க எந்த நம்பருக்குக் கூப்பிடும்?” என்றார். ரப்பர் மரம் சீவியே காலத்தைக் கழித்தவர் அவர். மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அச்சாகி வரும் ஒரு தாளை எதிர்த்துப் பேச முடியும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. கேள்வி கேட்டால் லைனை வெட்டுவார்கள் என்ற எண்ணம் எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன். அதை மாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கைக்கு வரும் முதல் பக்கத்தில் மொத்தத் தொகை மட்டுமே இருக்கும். அதை வைத்துக்கொண்டு எந்த வாதமும் செய்ய முடியாது. ஒவ்வொரு கட்டணமும் தேதி வாரியாக அச்சாகும் முழுப் பட்டியலை நிறுவனத்தின் செயலியிலிருந்து இறக்கிக்கொள்ளலாம், அல்லது அதைக் கேட்டு வாங்கலாம். அண்ணன் மகள் அதை இறக்கி, கடைத்தெருவில் அச்செடுத்துக் கொண்டுவந்தாள். மாதச் சந்தாவையும் வரியையும் கழித்த பிறகு எஞ்சிய 291.70 ரிங்கிட் இரண்டு வகையாகப் பிரிந்திருந்தது. ஒன்று, செயலிக் கடையின் வழியாக வாங்கி பில்லோடு சேர்க்கப்பட்டவை, அவை 86.70. மற்றொன்று, ஐந்து இலக்கக் குறுகிய எண் ஒன்றிலிருந்து வந்த கைத்தொலைபேசி உள்ளடக்கச் சேவை, அதாவது பாடல், செய்தி போன்றவற்றை அனுப்பி அதற்கான பணத்தை பில்லில் ஏற்றும் சந்தா. ஒவ்வொன்றும் 5 ரிங்கிட் வீதம் 41 வரிகள், ஆக 205 ரிங்கிட்.

முதல் வகையை நாங்கள் மறுக்கவில்லை. பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த பேரன் விளையாட்டுச் செயலியில் வைரக் கற்கள் வாங்கியிருக்கிறான். செயலிக் கடையில் பணம் செலுத்தும் வழியாகத் தொலைபேசி பில்லே பதிவாகியிருந்ததால், அட்டை எண் எதுவும் கேட்காமல் கட்டணம் பில்லில் ஏறிவிட்டது. அவனைக் கேட்டதும் ஒப்புக்கொண்டான். அந்தத் தொகையைத் திரும்பக் கேட்பதாக இருந்தால் செயலிக் கடையிடம்தான் கேட்க வேண்டும். அதையும் சேர்த்து மறுத்திருந்தால், உண்மையாகவே தவறான 205 ரிங்கிட்டின் மீதும் நிறுவனத்துக்குச் சந்தேகம் வந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இரண்டாவது வகைதான் தோட்டப்புறங்களில் அதிகம் பாதிப்பது. அதற்குக் காரணம் இங்கே பல வீடுகளில் வைஃபை இல்லாமல் இருப்பது. வைஃபை வழியாக இணையத்தில் இருப்பவரின் தொலைபேசி எண் எதிர்ப்பக்கத்துக்குத் தெரியாது. அதனால் சந்தா சேர வேண்டுமென்றால் எண்ணைத் தட்டச்சு செய்து, குறுஞ்செய்தியில் வரும் ரகசிய எண்ணையும் உள்ளிட வேண்டியிருக்கும். சிம் அட்டையின் டேட்டாவில் இருக்கும்போது எந்த எண்ணிலிருந்து வருகிறோம் என்பது நிறுவனத்தின் வலையமைப்புக்கே தெரியும். அந்த எண்ணை உள்ளடக்க நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு இருந்தால், பழைய பாடல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே வரும் விளம்பரத்தை மூடுவதற்காகத் தவறான இடத்தில் விரல் பட்டாலும் அது சம்மதமாகப் பதிவாகிவிடக்கூடும். கண்பார்வை மங்கிய, ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத ஒருவர் திரையைத் தொட்டதைச் சம்மதம் என்று கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் கீழ் இத்தகைய சேவைகளுக்கென்றே கட்டாயத் தர விதிகள் இருக்கின்றன. விலையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், வாடிக்கையாளர் கேட்காத சேவையை அவர் தலையில் கட்டக் கூடாது, ‘ஸ்டாப்’ என்று ஆங்கில எழுத்துகளில் அதே எண்ணுக்கு அனுப்பினால் சந்தா நிற்க வேண்டும். பெரியம்மாவின் கைத்தொலைபேசியிலிருந்து அன்றே அப்படி அனுப்பினோம். அதற்கு முன் வந்திருந்த குறுஞ்செய்திகள் ஒன்றையும் அழிக்காமல் படம் எடுத்து வைத்துக்கொண்டோம். சந்தா தொடங்கிய நாளும் நேரமும் அவற்றில்தான் இருந்தன; அழித்திருந்தால் அந்தச் சான்று நம் கையில் இருந்திருக்காது.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் நிறுவனத்தின் பெயர்ப்பலகையைத் தாங்கிய கடை ஒன்று உண்டு. ஆனால் அது முகவர் கடை. பணம் வாங்குவார்கள், சிம் மாற்றுவார்கள், பில்லைத் திருத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அங்கே நின்று சண்டை போடுவதில் பயனில்லை. அந்தக் கடைப் பிள்ளைகள் மீது குற்றமும் இல்லை. ஈப்போவில் உள்ள சேவை மையத்துக்குப் போக வேண்டும், அல்லது மின்னஞ்சலில் எழுத வேண்டும். போவதாக இருந்தால், எண் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரையே அழைத்துக்கொண்டு போவது நல்லது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் மற்றவரிடம் கணக்கு விவரத்தைப் பேச மறுப்பார்கள். அந்த மறுப்பு நியாயமானதே. வயதானவரால் பயணம் செய்ய முடியாவிட்டால், அவர் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதமும் மைகாட் (அடையாள அட்டை) நகலும் எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும். பெரியம்மா பிடிவாதமாகத் தானே வந்தார். முகப்பில் இருந்த பெண் தமிழில் பேசியதும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது.

வாய்மொழியாகச் சொன்னதோடு நிற்காமல் ஒரு பக்கக் கடிதமும் கொடுத்தோம். மொத்த பில்லையும் மறுக்கவில்லை என்றும், இந்தக் குறுகிய எண்ணிலிருந்து வந்த 41 கட்டணங்களை மட்டுமே மறுக்கிறோம் என்றும் முதலிலேயே எழுதினோம். சந்தாவுக்குச் சம்மதம் கொடுக்கப்பட்டது என்று நிறுவனம் கூறுமானால், எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த முறையில் கொடுக்கப்பட்டது என்பதற்கான பதிவைக் காட்டும்படி கேட்டோம். என் அனுபவத்தில் இந்த ஒரு கேள்விதான் எல்லாவற்றையும்விட வலுவானது. தாம் சந்தா சேரவில்லை என்று பெரியவர்கள் நிரூபிக்க முடியாது, சேர்ந்தார்கள் என்று காட்டும் பதிவோ நிறுவனத்தின் பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும். விசாரணை முடியும்வரை மறுக்கப்பட்ட தொகையைத் தனியாக நிறுத்திவைக்க வேண்டும், அதற்காக லைனைத் துண்டிக்கக் கூடாது என்றும் எழுதினோம். மறுக்காத 134.40 ரிங்கிட்டை அங்கேயே கட்டி ரசீது வாங்கினோம். புகார் எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டோம். அந்த எண் இல்லாமல் வெளியே வந்தால் அடுத்த முறை தொலைபேசியில் எடுக்கும் ஒவ்வொருவரிடமும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

சில நாட்களில் பதில் வந்தது. சம்மதம் முறையாகவே பெறப்பட்டிருப்பதாகவும், இருந்தாலும் நல்லெண்ண அடிப்படையில் பாதித் தொகையைக் கழிப்பதாகவும் சொன்னார்கள். அண்ணன் ஏற்றுக்கொள்ளலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். பதிவைக் காட்டாமலேயே ‘முறையாகப் பெறப்பட்டது’ என்று சொல்வதை ஏற்றுக்கொண்டால், மீதிப் பாதியை நாமே கடன் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். சலுகையை மறுத்து, பதிவைக் கேட்டு மீண்டும் எழுதினோம். கூடவே, பெரியம்மாவின் கணக்குக்கு ஒரு கடன் வரம்பு இருக்கும்போது, வழக்கமான தொகையின் பல மடங்கைத் தாண்டும்வரை ஏன் எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்றும் கேட்டோம்.

அதற்குப் பதில் இழுபட்டபோது நிறுவனத்துக்கு வெளியே முறையிடப் போனோம். 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் மன்றம் இருக்கிறது; சி.எஃப்.எம். என்று அழைப்பார்கள். இத்துறையின் நிறுவனங்கள் பில்லையும் புகாரையும் எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கான பொதுப் பயனீட்டாளர் நெறிமுறையை வகுத்தது அந்த மன்றமே. ஆணையத்திடமும் நேரடியாகப் புகார் செய்யலாம். இரண்டுக்கும் பொதுவான ஒரு நிபந்தனை, முதலில் நிறுவனத்திடம் முறையிட்டிருக்க வேண்டும் என்பது. புகார் எண்ணும் கடித நகலும் கையில் இருந்ததால் எங்களுக்கு அதில் சிரமம் இருக்கவில்லை. மலாயில் எளிமையாக எழுதி, பில்லின் பக்கங்களையும் குறுஞ்செய்திப் படங்களையும் இணைத்து அனுப்பினோம்.

அதன் பிறகு நிறுவனத்திலிருந்து வேறொரு அதிகாரி அழைத்தார். மரியாதையாகப் பேசினார். சம்மதப் பதிவு கடைசிவரை வரவில்லை; 205 ரிங்கிட்டும் அடுத்த பில்லில் சரிக்கட்டப்பட்டது. பெரியம்மாவின் எண்ணில் உள்ளடக்கச் சேவைகளையும் பில்லோடு சேர்த்து வாங்கும் வசதியையும் முழுவதுமாகத் தடுத்து வைக்கும்படி அப்போதே கேட்டுக்கொண்டோம். கடன் வரம்பையும் குறைக்கச் சொன்னோம். இந்தத் தடைகளுக்குப் பெரியவர்கள் பிரச்சினை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். வீட்டில் வயதானவர்களுக்கு போஸ்ட்பெய்டு எண் எடுத்துக் கொடுத்திருக்கும் பிள்ளைகள் இந்த வாரமே கேட்டுச் செய்து கொடுங்கள்.

ஏற்கெனவே பயந்து கட்டிவிட்டவர்களும் கைவிட வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பயனீட்டாளர் கோரல் நடுவர் மன்றம் இயங்குகிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட்வரை கோரலாம், ஆனால் காரணம் எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். பழைய பில்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பவர்கள், முதல் பக்கத்தை மட்டும் அல்லாமல் எல்லாப் பக்கங்களையும் எடுத்துக்கொண்டு வந்தால், எந்த வரியை மறுக்கலாம் என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்ல நான் தயாராக இருக்கிறேன்.